விரிசல் விட்ட ஃப்ரேம், கையில் ரூ. 45,000: ரோடு சைக்கிள் மாற்றிய கணக்கு

ஓட்டுநர் அடையாற்றுக்காரர். உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. அலுமினிய ஃப்ரேம், 8 கியர் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) உள்ள ரோடு சைக்கிள், ஏழு வருடம், ஏறத்தாழ 30,000 கி.மீ. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை. வருடத்துக்கு ஒரு 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்), ஒரு தடவை ஏலகிரி. மாற்றுச் சைக்கிளுக்கு ஒதுக்கிய தொகை ரூ. 45,000. டயர், செயின், கூலி எல்லாம் அதற்குள்தான்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் முடிவை மாற்றியது. 45,000 கையில் இருந்தால் 45,000 விலைச்சீட்டு உள்ள சைக்கிளைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. வாங்கி இரண்டே மாதத்தில் இன்னொரு எட்டாயிரம் கரைந்துவிடும். கீழே உள்ள விலைகள் எல்லாம் சென்னை விலைகள், தோராயமானவை. கடைக்குக் கடை சில நூறு முன்பின் இருக்கும்.

சத்தம் வந்த இடம் வேறு

வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டிக்'. முதலில் பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டு சுழலும் பேரிங்) மேல் பழி விழுந்தது. ரூ. 1,500 செலவில் புதிது போட்டும் சத்தம் அப்படியே இருந்தது. காலிக் குழாய் ஒலியைக் கடத்துவதால், சைக்கிளில் சத்தம் பிறக்கும் இடம் ஒன்று, காதில் விழும் இடம் வேறு. எழுந்து நின்று மிதித்தபோதும் வந்தது; ஆக, சீட்டும் சீட் கம்பியும் காரணமில்லை. வேறு பெடல் போட்டுப் பார்த்தும் வந்தது. கடைசியில் பின்சக்கரத்தைக் கழற்றி அழுக்கைத் துடைத்ததும் கண்ணில் பட்டது: வலப்பக்கச் செயின் ஸ்டேயின் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) அடியில், வெல்டிங்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, தலைமுடி போல ஒரு கோடு.

கோடு பெயிண்டிலா, உலோகத்திலா? நகத்தால் கீறிப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்குப் பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு. அந்த இடத்தில் நீர்த்த எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு சுத்தமாகத் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து மேலே மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை நாலைந்து முறை அழுத்தினால் போதும். உலோகம் பிளந்திருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் வெள்ளைப் பூச்சில் ஊறிக் கறுப்புக் கோடாக வெளியே வரும். வந்தது, 22 மி.மீ. நீளத்துக்கு.

வெல்டிங் வைத்து ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். இரும்பு ஃப்ரேமாக இருந்தால் நல்ல கைக்காரர் பற்றவைத்துத் தருவார். சைக்கிள் ஃப்ரேமுக்கு அதிகம் பயன்படும் 6061 அலுமினியம் அப்படியல்ல. அதன் வலு வெப்பப் பதத்தில் இருக்கிறது; பற்றவைத்த சூட்டில் பக்கத்து உலோகத்தின் பதம் இறங்கி, வலு பாதி அளவுக்குக் குறைந்துவிடும். முழு ஃப்ரேமையும் 530 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, தண்ணீரில் தோய்த்து, பின் மணிக்கணக்கில் மிதச் சூட்டில் வைத்தால்தான் பழைய பதம் திரும்பும். எந்தத் தெருமுனைப் பட்டறையிலும் அது நடக்காது. ஆகவே ஃப்ரேம் கதை அதோடு முடிந்தது.

ஃப்ரேமை மட்டும் வாங்கிப் பழைய பாகங்களை ஏற்றலாமா என்றும் பார்க்கப்பட்டது. ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சேர்ந்த ஃப்ரேம் ரூ. 18,000-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), கேபிள், பாட்டம் பிராக்கெட், கூலி சேர்த்தால் 24,000. அதில் ஏறப்போவது 30,000 கி.மீ. தேய்ந்த பாகங்கள், பின் ரிம்மின் பிரேக் பிடிக்கும் சுவரும் குழிந்திருந்தது. இன்னொரு முடிச்சும் உண்டு. இப்போது கடையில் கிடைக்கும் ஃப்ரேம்களில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக்குக்கானவை; பின்ஹப் (பின்சக்கரத்தின் மையப் பகுதி) இடைவெளி 135 அல்லது 142 மி.மீ. பழைய ரிம் பிரேக் சக்கரத்துக்கு 130 மி.மீ. வேண்டும். சக்கரம் ஏறாது என்றால் ஃப்ரேம் வாங்கி என்ன பயன்? பழையதிலிருந்து தப்பியவை பெடல், சீட், பாட்டில் கூடு, விளக்கு, பம்ப். பெடல் கழற்றும்போது நினைவிருக்கட்டும்: இடது பெடலுக்கு எதிர் மறை (திருகுப் புரி எதிர்த் திசையில்).

அளவு: சுவர், டேப், பத்து நிமிடம்

பழைய சைக்கிளில் இரண்டு மணி நேரம் தாண்டினால் இரண்டு சுண்டுவிரலும் மரத்துப்போகும். கையுறை, ஜெல், தடிமனான டேப் எல்லாம் போட்டாயிற்று, பலனில்லை. காரணம் ஃப்ரேமின் நீளம். 'சைஸ் 56', 'மீடியம்' என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாறாத அளவுகள் இரண்டு, ஸ்டாக்கும் ரீச்சும். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில் தண்டு இறங்கும் முன்குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச்.

வீட்டிலேயே அளக்கலாம். சமதளத் தரையில் பின்டயர் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்த வேண்டும். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை 752 மி.மீ.; சுவரிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை மையம் வரை 1,157. கழித்தால் ரீச் 405. தரையிலிருந்து அதே இரண்டு புள்ளிகள் 268, 858, ஸ்டாக் 590. இந்த உடலுக்கு இது ஒரு சைஸ், ஏன் ஒன்றரை சைஸ் பெரிது. ஸ்டெம்மை (ஹேண்டிலைப் பிடிக்கும் இணைப்பு) 110-லிருந்து 90-க்குக் குறைத்தால் 20 மி.மீ. மீளும், அதற்கும் கீழே போனால் ஹேண்டில் துள்ளலாகிவிடும்.

கால் உள்ளளவு 80 செ.மீ. இதை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை 70.6 செ.மீ. வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஏற்ற அளவு. சீட் அந்த உயரத்தில் இருக்க, கை வசதியாக எட்ட, தேட வேண்டியது ரீச் 375–385, ஸ்டாக் 550–565 என்று முடிவானது. இந்தச் சல்லடையிலேயே விளம்பரங்களில் பாதி கழிந்துவிட்டன. பணம் கம்மி என்பதற்காக அளவில் விட்டுக்கொடுத்தால், அந்தச் சைக்கிள் எவ்வளவு மலிவானாலும் நஷ்டம்தான்.

கியர்: ஈசிஆருக்கு ஒன்று, ஏலகிரிக்கு ஒன்று

பழைய சைக்கிளின் மிக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28 பல். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே கால் நின்றுவிடும். ஏன் என்று கணக்கே சொல்லும். 700×28 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். ஆள், சைக்கிள், தண்ணீர், பை சேர்த்து 84 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால்:

34-க்கு 28: மணிக்கு 9.2 கி.மீ., சுமார் 180 வாட்.
34-க்கு 32: மணிக்கு 8 கி.மீ., சுமார் 158 வாட்.
34-க்கு 34: மணிக்கு 7.6 கி.மீ., சுமார் 149 வாட்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரின் காலுக்கு 180 வாட்டை முக்கால் மணி நேரம் இழுத்துப் பிடிப்பது தண்டனை. 158 கஷ்டம், ஆனால் முடியும். இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: சைக்கிள் ஒரு கிலோ குறைந்தால் மிச்சம் 2 வாட்டுக்குள். பின்கேசட்டில் நாலு பல் கூடினால் 22 வாட். கேசட் விலை இரண்டாயிரம். ஒரு கிலோ குறைக்க எத்தனை ஆயிரம் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் 34 பல்லே போடலாமே? 9 கியர் 11–34 கேசட்டின் வரிசை 11, 13, 15, 17, 20, 23, 26, 30, 34. ஈசிஆரில் எதிர்காற்றில் மணிக்கு 25 கி.மீ. ஓட்டுகையில் கால் நிற்பது 17-லும் 20-லும்தான். நடுவில் கிட்டத்தட்ட 18 சதவீதத் தாவல். ஒன்றில் கால் திணறும், மற்றதில் சும்மா சுழலும். 11–32 கேசட்டில் 11, 12, 14, 16, 18, 21, 24, 28, 32. 16-லிருந்து 18-க்குப் போனால் 12.5 சதவீதம்தான். வருடத்தில் ஒரு நாள் ஏலகிரி, ஐம்பது ஞாயிறு ஈசிஆர். 11–32 என்று தீர்ந்தது.

பார்த்த சைக்கிள்கள்

முதலாவது, கடையில் புத்தம் புதிய 7 கியர் ரோடு சைக்கிள், ரூ. 28,000. மிச்சம் 17,000 என்றவுடன் மனம் அங்கேதான் போகும். ஆனால் பின்னால் இருப்பது கேசட் இல்லை, ஹப்பில் மறை போட்டு முறுக்கும் ஃப்ரீவீல். அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே ஒதுங்கி நிற்கிறது. அதற்கு வெளியே ஆக்ஸில் (அச்சு) வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். வேகத்தில் ஒரு பள்ளம், சாலை வெட்டி மூடாத ஒரு குழி, ஆக்ஸில் வளையும். வளைந்த ஆக்ஸில் ஒருநாள் முறியும். பிறகு 8 அல்லது 9 கியருக்கு மாற வேண்டுமென்றால் சக்கரம், ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்புகோல்), கேசட் மூன்றும் மாற வேண்டும். பூங்காவைச் சுற்றுபவருக்குப் போதும். வாரந்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது மலிவு அல்ல.

இரண்டாவது, புதிய 8 கியர் ஷிமானோ கிளாரிஸ் (ஷிமானோ கம்பெனியின் கியர் தொகுதி) சைக்கிள், கேசட் ஹப், 50–34 முன்பல், கம்பி டிஸ்க் பிரேக். பழைய விலைச்சீட்டு ரூ. 50,000. சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதை அப்படியே கழித்தால் 46,875. கணக்குக்கு மேலே 1,875. கூடவே வரும் டயர் கனமானது, விறைப்பானது, அதையும் மாற்ற வேண்டும். நல்ல சைக்கிள்தான், பட்ஜெட் 52,000 என்றிருந்தால் பேச்சே இல்லாமல் இதுதான் வாங்கியிருக்க வேண்டும். இந்த விலையைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் வேறொரு லாபமும் உண்டு. பழைய சைக்கிள் விற்பவர்கள் தாங்கள் வாங்கிய பில் விலையில் கழித்துப் பேசுவார்கள். வாங்குபவர் இன்றைய புது விலையில் கழித்துப் பேச வேண்டும்.

மூன்றாவது, ஐந்து வருடம் ஓடிய 11 கியர் ஷிமானோ 105 (அதே கம்பெனியின் உயர்தரக் கியர் தொகுதி). பேசி ரூ. 43,000. 105 என்ற எண்ணைக் கேட்டாலே கை நீளும். செயின் ஒரு சதவீதம் நீண்டிருந்தது. 11 கியர் செயினை 0.5 தாண்டியதுமே மாற்றியிருக்க வேண்டும். கேசட், செயின், டயர், கேபிள் சேர்த்தால் 54,000-ஐத் தொடும். கைவிடப்பட்டது.

ரூ. 40,000-க்கு ஒரு கார்பன் ஃப்ரேமும் வந்தது. எங்கே விழுந்தது என்று தெரியாத கார்பனை, நாணயத்தால் தட்டிப் பார்த்து வாங்கக் கூடாது. மேல்பூச்சு முழுசாக இருக்க உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பார்க்கவே போகவில்லை.

நான்காவது, மூன்று வருடம் ஓடிய 9 கியர் ஷிமானோ சோரா, அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ரிம் பிரேக். கேட்ட விலை ரூ. 34,000. ரீச் 382, ஸ்டாக் 556. அளவு பொருந்தியது என்பதால்தான் டேப்பும் ஆலன் கீயும் எடுத்துக்கொண்டு போனது.

9 கியருக்கு ஒரு தனி வசதி உண்டு. ஷிமானோவின் 8, 9 கியர் காலத்தில் ரோடு, மலை சைக்கிள் இரண்டின் பின் டெரெய்லருக்கும் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) கேபிள் இழுப்பு ஒன்றே. மலை சைக்கிளுக்கான கேசட்டும் செயினும் இதில் அப்படியே ஏறும். எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் பாதி.

விற்பவர் வீட்டு வாசலில்

முதலில் சீட் கம்பி. கிளாம்பைத் தளர்த்தி, கம்பியைச் சுழற்றி ஒரு விரல் மேலே இழுக்க வேண்டும். கடலோர ஊரில் உப்புக் காற்றும் வியர்வையும் உள்ளே இறங்கிக் கம்பியும் ஃப்ரேமும் ஒட்டிக்கொள்ளும். அசையாத சீட் கம்பி என்றால் அத்தோடு கும்பிடு போட்டுத் திரும்பலாம். இதில் முனகிக்கொண்டே வந்தது. காய்ந்த கிரீஸ், ஆனால் அரிப்பில்லை.

அடுத்து விரிசல் தேடல்: செயின் ஸ்டே இரண்டும், டவுன் டியூப் (சாய்ந்த கீழ்க்குழாய்) ஹெட் டியூபைச் சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீட் டியூபின் பிளவு. பிறகு முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட் ஆட்டம் கைக்குத் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர் நிலையில் 'கொக்கி' போல நின்றால் பேரிங் குழிந்துவிட்டது. இதில் வழுக்கிக்கொண்டு போனது.

செயினுக்கு ஒரு அடி இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) மையத்தில் பூஜ்யத்தை வைத்தால் அதிலிருந்து 24-ஆவது பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் 0.5 சதவீதம், எட்டில் ஒரு பங்கு என்றால் ஒரு சதவீதம், செயினோடு கேசட்டும் போய்விட்டது என்று பொருள். இதில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. டயர் பக்கவாட்டில் வெடிப்பு. பின்னாலிருந்து பார்த்தபோது டெரெய்லர் ஹேங்கர் (டெரெய்லரைத் தாங்கும் உலோகக் காது) உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. வலப்பக்கம் ஒருமுறை விழுந்த அடையாளம். பின் டெரெய்லரில் ஜிஎஸ் என்ற பொறிப்பு இருந்தது: நடுத்தர நீளக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் பகுதி), 34 பல் வரை தாங்கும். அது இல்லாமல் குட்டைக் கூண்டு வந்திருந்தால் கேசட் திட்டமே கவிழ்ந்திருக்கும்.

ஃப்ரேமின் அடியில் பொறித்த எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டாயிற்று. பில் இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். திருட்டுச் சைக்கிள் என்றால் பணமும் போய் ஸ்டேஷன் படியும் ஏற வேண்டும்.

'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று கெஞ்சுவதைவிட, பாகத்தையும் விலையையும் வரிசையாகச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. செயின், கேசட், டயர், ஹேங்கர் என்று எழுதிக் காட்டியதும் 34,000 என்பது 30,000 ஆனது.

செலவு

சைக்கிள் 30,000. செயின் 1,300. 11–32 கேசட் 2,000. கேபிள், அவுட்டர் முழுசும் 1,200. பிரேக் கட்டை 900. 28 மி.மீ. டயர் இரண்டு 4,400. டியூப் இரண்டு 700. ஹேண்டில் டேப் 600. ஹேங்கர் நிமிர்த்த 300, மாற்று ஹேங்கர் ஒன்று 600. முழு சர்வீஸ் கூலி 1,800. மொத்தம் ரூ. 43,800. மிச்சம் 1,200.

இதில் கேபிளுக்குப் போன 1,200-ஐத்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். கழற்றியபோது வலது ஷிஃப்டரின் தலைக்குள் கேபிளில் மூன்று இழை அறுந்து சுருண்டிருந்தது. அந்த இடத்தில் கேபிள் கூர்மையாக வளைவதால் இழை இழையாக அறுவது இந்த வகை ஷிஃப்டரின் பழைய வியாதி. முழுதாக அறுந்திருந்தால் தலை உள்ளேயே சிக்கி, முள்வாங்கியால் துழாவி எடுக்க வேண்டியிருக்கும். மோசமானால் ஷிஃப்டரே போகும். கியர் விழத் தயங்கினால் டெரெய்லர் திருகைத் திருப்புவதற்கு முன் கேபிள் தலையைப் பாருங்கள்.

டயருக்கு 4,400 அதிகம் என்று தோன்றும். விறைப்பான டயருக்கும் நல்ல டயருக்கும் உருளும் தடையில் உள்ள வித்தியாசம், மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் 10 வாட் அளவுக்கு வரும். மாமல்லபுரம் போய்த் திரும்பும் 90-சொச்சம் கிலோமீட்டர் முழுக்க அது கூடவே வரும். 28 டயர் போடுமுன் பிரேக் பாலத்துக்கு அடியிலும் செயின் ஸ்டே நடுவிலும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது, இருந்தது. காற்று முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ.

பிறகு வந்தவை

வாசலில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று, கேசட்டைக் கழற்றியபோது தெரிந்தது: தனித்தனிப் பல்சக்கரங்கள் ஹப்பின் அலுமினியக் காடியைக் கடித்துப் பள்ளம் போட்டிருந்தன. எழும்பி நின்ற விளிம்புகளை மெல்லிய அரத்தால் தட்டையாக்கிப் புதுக் கேசட் ஏற்றப்பட்டது. ஓடும். ஆனால் அடுத்த கேசட் மாற்றத்தில் ஹப் பாடியும் மாறக்கூடும். விலை பேசும்போது அதற்கும் ஆயிரம் ஒதுக்கியிருக்கலாம். அது இந்தக் கணக்கின் ஓட்டை.

200 கி.மீ.க்குப் பிறகு பின்சக்கரத்தில் லேசான கோட்டம். வலப்பக்க ஸ்போக் நாலு தளர்ந்திருந்தது, இறுக்கியபின் நின்றது. மழைக்காலத்தில் ரிம் பிரேக் டிஸ்க்குக்கு ஈடாகாது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே லேசாகத் தொட்டு ரிம் ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை கட்டையில் பதிந்த மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால் எடுக்க வேண்டும். விட்டால் அது ரிம்மை அறுக்கும்.

டியூபில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. திண்டிவனம் தாண்டி ஒரு சைக்கிள் கடையில் காற்று கேட்டால் கையை விரிப்பார்கள். ஐம்பது ரூபாய்ப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்தால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். மாற்று டியூப் இரண்டு பையில் இருக்க வேண்டும். 700 சைஸ் டியூப் சின்ன ஊரில் கிடைக்காது.

பழைய ஃப்ரேம் பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் டாப் டியூபும் டவுன் டியூபும் ஹேக்ஸா பிளேடால் அறுக்கப்பட்டன. முழுசாகப் போட்டால் பெயிண்ட் அடித்து வேறொருவர் தலையில் கட்டப்படும். இரண்டு துண்டானால் எடைக்குத்தான் போகும்.